சைடு லோயர்

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
இருபத்திரண்டு அங்குலம்.
மேல்வீட்டு ரஹ்மத் கொடுத்த தொட்டில்
இருபத்து நான்கு.
தணிகை மூன்று முறை அளந்தான்,
அளக்க அளக்கச்
சுவர் மனமிரங்கும் என்பது போல.

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர்.
ஒரு தடுப்புக்குள் எட்டுப் பேரை
எப்படிப் படுக்கவைப்பதென்று தெரிந்தவன்.
அயனாவரத்தில் ஒன்றரை அறைக்குள்
மூன்று கிலோ கூட இல்லாத ஒருத்திக்கு
அவனால் இடம் பிடிக்க முடியவில்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு ராத்திரியும்
ஷிப்ட் போட்டு
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எட்டாம் மாதத்தில்
புரசைவாக்கத்துக் கடை ஒன்றில்
கட்டிலோடு ஒட்டிக்கொள்கிற தொட்டில் பார்த்தோம்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவன்
மறுபடி கவிழ்த்து வைத்தான்,
தூங்குகிற எதையோ எழுப்பிவிடாமல்.

தூளி கட்டலாமென்றால்
கொக்கி அடிக்க ஹவுஸ் ஓனர் விடவில்லை.
"ஃபேன் மாட்டுற கொக்கி இருக்கே."
அப்போ ஃபேன்?
மே மாதத்தில் பிறந்தவளுக்கு
இரண்டில் ஒன்றுதானாம்.

கூடவே போட்டுக்கோ என்றாள் நாத்தனார்,
மூன்றையும் அப்படித்தான் வளர்த்தாளாம்.
எனக்குத் தூக்கத்தில் கை வீசும் பழக்கம்.
தணிகையின் மூக்கு சாட்சி.

டிஸ்சார்ஜ் அன்று ஸ்டெல்லா சிஸ்டர்
என்னையும் அவனையும் நிற்கவைத்துச் சொன்னது:
பக்கத்துல இருக்கணும், ஒரே படுக்கையில கூடாது.
தலகாணி வேணாம். பொம்மை வேணாம்.
மல்லாக்கப் போடுங்க.
பிள்ளையைப் பற்றித்தான் என்று
அவனுக்குப் புரியச் சற்று நேரமானது.

குனிந்தால் தையல் இழுக்கிறது.
எழுந்தால் இழுக்கிறது.
தும்மலைக்கூட
இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
தவணை முறையில் தும்முகிறேன்.
ராத்திரியில் ஆறு தடவை
இந்த உடம்பைக் கட்டிலிலிருந்து இறக்கி ஏற்ற
என்னால் ஆகாது என்று
நான் சொல்லவில்லை. அழுதேன்.
அதையும் அளந்துகொண்டான் போல.

ஞாயிற்றுக்கிழமை
தொட்டிலின் ஒரு பக்கக் கம்பிகளைக் கழற்றினான்.
கால்களுக்கடியில் கட்டை கொடுத்து
எங்கள் மெத்தை மட்டத்துக்கு உயர்த்தினான்.
ரசமட்டம் வைத்தான். குமிழி நடுவில் நின்றது.
கட்டில் சட்டத்தோடு பட்டை போட்டு இறுக்கி
இடுப்பால் முட்டி முட்டிப் பார்த்தான்.
ஒட்டிய இடத்தில்
சுண்டு விரல் நுழையவில்லை.
கட்டிலை ஜன்னல் சுவரோடு நெருக்கியதில்
அந்த இரண்டு அங்குலமும் கிடைத்துவிட்டது.

பீரோ கதவுதான் இனித் திறக்காது.

வேண்டியதை முதல்லயே எடுத்துடு என்றிருந்தான்.
நைட்டிகள், அவன் யூனிஃபார்ம், ரேஷன் கார்டு,
சிலிண்டர் புத்தகம்.
அடித்தட்டில்
போன வருஷத்து ஸ்கேன் கவர்.
இதயத்துடிப்பு என்ற இடத்தில்
சின்னதாக ஒரு கோடு.
எடுத்தேன்.
புடவைகளுக்கு அடியில் திரும்ப வைத்தேன்.
"அவ்ளோதானா?"
அவ்வளவுதான்.

ராத்திரி கரண்ட் போனது.
டெப்போவுக்குத் திரும்பிய கடைசி பஸ்
உஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது.
அவள் சிணுங்கினாள்.
நான் எழவில்லை, குனியவில்லை.
கையை மட்டும் நீட்டினேன்.
சூடாக இருந்தது. ஈரமாகவும்.
என் உள்ளங்கைக்குக் கீழே
ஒரு தீப்பெட்டி அளவு மார்பு
ஏறி இறங்கியது.

சுவரோரம் மாட்டிக்கொண்ட தணிகை
கால்மாட்டு வழியாக ஊர்ந்து இறங்கினான்.
"மேடத்துக்கு சைடு லோயர், கன்ஃபார்ம்.
எனக்குத்தான் வெயிட்டிங் லிஸ்ட்."
மொபைல் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
டயப்பரை
முன்பின்னாக மாட்டிவிட்டான்.

காலையில்தான் பார்த்தேன்.